வர்சித்தி கொண்டுவந்த பூஜ்யங்கள்

இரண்டு வருடங்களில் வர்சித்தி அக்காவுக்கு ஒரு முறைகூட நோய்த்தொற்று வரவில்லை. ஆய்வின் பதிவில் அப்படித்தான் இருக்கிறது. வாரத்துக்கு ஒன்று வீதம் நூற்று நான்கு பூஜ்யங்கள். அவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றியவன் நான். அதே இரண்டு வருடங்களும் மூங்கில் தட்டிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் இருமுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவனும் நான்தான்.

ஜாவாவின் சோலோ நகரில், பெப்பே ஆற்றை ஒட்டிய சந்தில் அக்கா சலவைக்கடை வைத்திருந்தாள். எடை போட்டு வாங்கி, துவைத்து, தேய்த்துக் கொடுக்கும் கடை. இரண்டு இயந்திரங்கள், அவற்றில் ஒன்று எப்போதும் பழுது. கடையின் பின்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். கல்லூரிப் பிள்ளைகளின் சட்டைகளை மடிக்கும்போது காலரைத் தடவிப் பார்த்தே யார் ஒழுங்காகக் குளிக்கிறவன், யார் செண்ட் அடித்துச் சமாளிக்கிறவன் என்று சொல்லிவிடுவாள். நாற்பத்து மூன்று வயது, சின்ன உருவம். பல வருட இருமல் அவளை லேசாக ஒரு பக்கம் சாய்த்துவிட்டிருந்தது.

முப்பது வயதில் ஆரம்பித்ததாம். மழைக்காலம் வந்தால் நிமோனியா. நடு நடுவே காதில் சீழ், மூக்கடைப்பு, வயிற்றுப்போக்கு. சுகாதார நிலையத்தில் காசநோய் என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று ஒவ்வொரு முறையும் தாள் வந்தது. அவர்கள் தாளை விட்டுவிட்டு இருமலை நம்பினார்கள். இரண்டு வருடம் கழித்து மறுபடி ஆறு மாதம். கணவர் சுரோசோ முதலில் தட்டையும் டம்ளரையும் பிரித்து வைத்தார். அப்புறம் பாயைப் பிரித்தார். அப்புறம் சுரபாயாவில் வேலை கிடைத்திருக்கிறது என்றார்.

"போகும்போது அவசரத்துல என் தட்டை எடுத்துட்டுப் போயிட்டாரு, மாஸ்," என்று அக்கா சிரிப்பாள். சந்தில் எல்லோரும் என்னை, அண்ணன் தம்பி என்பதுபோல, மாஸ் செனோ என்றுதான் கூப்பிடுவார்கள். "அங்க போய்ப் பார்த்துட்டுப் பயந்திருப்பாரு பாவம்."

நாற்பதாவது வயதில், நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹெந்தார்த்தோ அவளுடைய ரத்தத்தில் ஆன்டிபாடியை அளக்கச் சொன்னார். கிருமி உள்ளே வந்தால் அடையாளம் கண்டு மடக்கிப் பிடிக்கும் புரதம் அது. எல்லோர் ரத்தத்திலும் இருக்கும். அக்காவின் ரத்தத்தில் ஏறக்குறைய இல்லவே இல்லை. அவள் உடம்பு அதைத் தயாரிக்க மறந்துவிட்டது. ஆயிரக்கணக்கான பேர் தானமாகக் கொடுத்த ரத்தத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்து, நான்கு வாரத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்ற வேண்டும். ஆயுள் முழுக்க ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

"மூஞ்சி தெரியாத ஆயிரம் பேர் எனக்குக் காவல் நிக்கறாங்க," என்பாள். "கட்டினவன் ஒருத்தன் நிக்கல."

அந்த மருந்து எங்கள் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பதில்லை. கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதற்காகத்தான் ஆய்வு. நாற்பத்திரண்டு நோயாளிகள். பாதிப் பேருக்கு முழு அளவு மருந்து. மற்றப் பாதிக்கு அதில் அரை அளவும், கூடவே தொற்றைத் தடுக்க வாரம் மூன்று நாள் ஆன்டிபயாடிக் மாத்திரையும். பாட்டில்கள் எல்லாம் பழுப்புத் துணிப் பைக்குள் இருக்கும், முழு அளவுக்காரர்களுக்கும் மருந்தில்லாத மாத்திரை உண்டு, பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். யாருக்கு எது போகிறது என்பது மருந்தகத்தில் ஒருவருக்கு மட்டும் தெரியும். அரை அளவிலும் தொற்றுகள் கூடவில்லை என்றால் இருக்கிற மருந்து இரண்டு மடங்கு பேருக்குப் போதும். கெட்ட எண்ணத்தில் யோசித்த ஆய்வு இல்லை. இதை எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அங்கே வேலை கிடைத்ததும் அக்காவால்தான். "வாயத் தொறக்க மாட்டான், ஆனா எழுத்துல தப்பு விட மாட்டான்" என்று நர்ஸ் நிங்ரும் சிஸ்டரிடம் சொன்னாளாம். இரண்டுமே ஆய்வுக்குத் தேவையான குணங்கள் என்று சிஸ்டருக்குத் தோன்றியிருக்கிறது.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நீல நோட்டு. வாரத்துக்கு ஒரு பக்கம். காய்ச்சல் உண்டா, சளி நிறம் மாறியதா, காதுவலி உண்டா, வேறு மருந்து சாப்பிட்டீர்களா, ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பக்கத்தின் அடியில் ஒரு கட்டம். அந்த வாரத் தொற்றுகளின் எண்ணிக்கையை அதில் எழுத வேண்டும். முழு ஆய்வும் அந்தக் கட்டத்தை நம்பித்தான் நின்றது.

நிங்ரும் சிஸ்டர் நல்லவள். நான் பார்த்த நர்ஸ்களிலேயே நல்லவள். நரம்பு கிடைக்காத கைகளில் நரம்பைக் கண்டுபிடிக்கும்வரை தடவிக்கொண்டே பேசுவாள். பெருநாளுக்கு ஒவ்வொரு நோயாளியின் வீட்டுக்கும் அன்னாசிப் பிஸ்கட் டப்பாவோடு போவாள். மாதா மாதம் மருந்து ஏறும்போது நோட்டைப் புரட்டிப் பார்ப்பாள். கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் பேனாவை எடுத்து அதற்குள் இரண்டு கண்ணும் ஒரு சிரிப்பும் வரைவாள். வயதில் மூத்த பெண்களை எங்கள் மொழியில் யூ என்று கூப்பிடுவோம், அக்கா என்று அர்த்தம்.

"யூ வர்சித்தி! இந்த மாசமும் நாலு சிரிப்பு மூஞ்சி! இப்படி ஒரு பத்துப் பேர் இருந்தா நான் ஏன் தலைவலி மாத்திரை போடறேன்?"

பக்கத்துக் கட்டிலில் போந்தான் இருப்பான். இருபத்தாறு வயது, யோக்யாவுக்குப் போகும் பஸ்ஸின் ஓட்டுநர். "எனக்கும் பூஜ்யம்தான் சிஸ்டர். என் மூஞ்சிக்கு மட்டும் ஏன் பல்லு வரையல?"

"உன் மூஞ்சிக்கு அதுவே ஜாஸ்தி."

அறை முழுக்கச் சிரிப்பு. பூஜ்யத்துக்குப் பதில் ஒன்று, இரண்டு என்று எழுதிய நோட்டோடு வந்தவர்கள் அதைத் தலையணைக்குக் கீழே செருகிக்கொள்வதை ஓரத்து மேஜையிலிருந்து பார்த்திருக்கிறேன். சிஸ்டர் அவர்களை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. "ஐயோ, ரெண்டு தடவையா?" என்று முகம் வாடிவிடுவாள், அவ்வளவுதான். அந்த வாட்டத்தை எங்கள் ஊர்க்காரர்களால் தாங்க முடியாது. அடுத்த மாதம் அவர்களும் பூஜ்யத்தோடு வந்தார்கள். ஒருவர் வீட்டுக்குப் போகும்போது கையை வீசிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காகப் பழம் வாங்கிப் போவதைப் போல.

அக்காவின் கழுத்தில், சட்டைக் காலருக்கு மேலே, சிவப்புக் கோடுகளை நான் முதலில் பார்த்தது ஆய்வின் மூன்றாவது மாதத்தில். உடம்புக்குள் காற்று புகுந்துவிட்டால் தைலம் தடவி, காசால் முதுகைச் சுரண்டி விடுவது எங்கள் பக்கத்து வைத்தியம். எதிர்வீட்டுச் சமிந்தென், வாழைக்காய்ப் பஜ்ஜி போட்டு விற்பவள், அக்காவுக்கு அதைச் செய்வாள். சுரண்டச் சுரண்ட முதுகில் புலிக்கோடு மாதிரி சிவந்து எழும்பும். கோடு எவ்வளவு கறுக்கிறதோ காற்று அவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

"இது காத்தா, புயலாடி?" என்று சமிந்தென் கத்துவது என் அறைக்குக் கேட்கும். "உன் முதுகுல பஸ் ரூட்டே போடலாம் போல இருக்கு!"

அதற்கு அடுத்த நாள் அக்கா முனைக்கடையில் ஒரு அட்டை அமாக்சிசிலின் கேட்டு வாங்கினாள். மிளகாயும் சோப்பும் விற்கிற கடைதான். சீட்டு கேட்க மாட்டார்கள். ஒரு வாரம் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடியே இருமினாள். வாளியில் துப்பியதன் நிறம் பச்சை. மாதக் கடைசியில் நோட்டு என் மேஜைக்கு வந்தது. நான்கு கட்டங்களிலும் சிரிப்பு மூஞ்சி.

அன்று சாயங்காலம் அவள் துணி மடிக்கும்போது வாசலில் நின்றேன். பேச்சை ஆரம்பிக்க எனக்கு எப்போதும் நேரம் பிடிக்கும்.

"அக்கா, போன வாரம் காய்ச்சல் இருந்துச்சுல்ல?"

"யாருக்கு?"

"உங்களுக்கு."

"அதுவா? காத்து புகுந்துருச்சு. அதுக்கெல்லாம் உங்க நோட்டுல கட்டம் இல்லையே."

"காய்ச்சல்னு ஒரு கட்டம் இருக்கு. வேற மருந்துன்னு ஒண்ணு இருக்கு. சளி..."

"மாஸ்." அவள் ஒரு சட்டைக் கையை நீவி, மடித்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். "விருந்துக்குக் கூப்பிட்டு இலை போட்டுப் பரிமாறறாங்க. உக்காந்து சாப்பிட்டுட்டு உப்பு கம்மின்னு சொல்லச் சொல்றியா? அந்தப் பொண்ணு மூஞ்சி வாடிப்போயிரும். போ, உன் துணி ரெடி. காலர்ல ஒரே அழுக்கு."

எங்கள் மொழியில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது, சுங்கான். கூச்சம் என்று சொல்லலாம், மரியாதை என்றும் சொல்லலாம். நமக்கு நல்லது செய்கிறவரின் முகத்துக்கு நேரே வலியைச் சொல்லாமல் இருப்பது. சின்ன வயதிலிருந்து சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்ப்பது.

எனக்கும் ஊட்டியிருந்தார்கள். மறுநாள் நிங்ரும் சிஸ்டரின் மேஜைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் இரண்டு முறை ஒத்திகை பார்த்திருந்தேன். அவள் நிமிர்ந்து, "என்ன மாஸ்?" என்று சிரித்தாள். ஸ்டேப்ளர் வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு திரும்பினேன். அந்த வாரத்துப் பூஜ்யங்களை ஏற்றினேன். நோட்டில் இருப்பதை இருக்கிறபடி ஏற்றுவதுதான் என் வேலை.

அதற்குப் பிறகு எத்தனை முறை சமிந்தெனின் குரல் கேட்டது, எத்தனை அட்டைகள் வாங்கினாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருக்க வேண்டியவன் நான்.

ஆய்வு முடிந்தது. இரண்டு பிரிவிலும் தொற்றுகள் ஏறக்குறைய சமம். அரை அளவே போதும். டாக்டர் ஹெந்தார்த்தோ எங்களைக் கூப்பிட்டுச் சொன்னபோது கண் கலங்கினார். நாட்டில் எத்தனையோ பேர் இந்த மருந்து எட்டாமலே செத்துப்போகிறார்கள், இனி அவர்களுக்கும் கிடைக்கும் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. தனக்குக் கிடைத்த தாள்களை நம்பியவர் அவர்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் நன்றி விருந்து வைத்தார்கள். கோபுரமாகக் குவித்த மஞ்சள் சோறு, சுற்றிலும் கோழி, முட்டை, சோயாவில் செய்து வறுத்த தெம்பே. கோபுரத்தின் உச்சியை வெட்டி, அன்றைக்கு யாருக்கு மரியாதையோ அவருக்குக் கொடுப்பது வழக்கம். டாக்டர் கத்தியால் நுனியை வெட்டித் தட்டில் வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"இரண்டு வருஷத்துல ஒரு தொற்றுகூட இல்லாத நம்ம வர்சித்தி அம்மா!"

அக்கா புதுத் தலைத்துணி கட்டியிருந்தாள். எழுந்து போகும் வழியில் இருமல் வந்தது. அடக்கிக்கொண்டே போய்த் தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். முகம் சிவந்து நரம்பு புடைத்திருந்தது. வெட்கம் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்றைக்கே ஒவ்வொருவருக்கும் ஒரு கவர் கொடுத்தார்கள். இதுவரை யாருக்கு எது ஏறியது என்று அதில் இருந்தது. போந்தானுக்கு முழு அளவு. அக்காவுக்கு அரை. அடியில் இன்னொரு வரி: அடுத்த மாதத்திலிருந்து எல்லோருக்கும் அரை.

போந்தான் தன் தாளையும் அவள் தாளையும் மாறி மாறிப் பார்த்தான். "யூ, அரையை வச்சே நீங்க இப்படின்னா, எனக்கு ரெண்டு வருஷமா வீணாக் கொட்டியிருக்காங்க பாருங்க."

அக்கா சோற்றை மென்றுகொண்டிருந்தாள்.

ஜனவரி மழையில் அவள் விழுந்தாள். இந்த முறை காசும் தைலமும் முனைக்கடையும் போதவில்லை. சமிந்தெனும் நானும் சைக்கிள் ரிக்‌ஷாவில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஆக்ஸிஜன் வைத்து, ஸ்கேன் எடுத்தார்கள். மூன்றாம் நாள் டாக்டர் ஹெந்தார்த்தோ படத்தோடு வந்து கட்டில் பக்கம் உட்கார்ந்தார். இடது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் மூச்சுக்குழாய்கள் தேன்கூடு மாதிரி விரிந்து தொய்ந்துவிட்டிருந்தன. அது ஒரு காய்ச்சலில் வருகிற சேதம் இல்லை. பல தொற்றுகள், பல மாதங்கள்.

"அம்மா, உண்மையச் சொல்லுங்க. அந்த ரெண்டு வருஷத்துல உங்களுக்கு ஒரு தடவைகூட வரலையா?"

அக்கா முகமூடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். பிறகு விரல்களை மடிக்க ஆரம்பித்தாள். ஒரு கை முடிந்து, மறு கையும் முடிந்து, திரும்பவும் முதல் கைக்கு வந்தாள்.

டாக்டர் படத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். "ஏன் சொல்லலே?"

"நீங்க எல்லாரும் சந்தோஷமா இருந்தீங்களே, டாக்டர்."

அவர் என் பக்கம் திரும்பினார். நான் அவள் சந்தில்தான் குடியிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தாழ்வாரத்தில் வந்து சொன்னார், பதிவு பூட்டப்பட்டுவிட்டது, முடிவு அச்சேறிவிட்டது, ஒரு நோயாளியின் பேச்சை வைத்துத் திருத்த முடியாது. இவள் ஒருத்திதானா, இன்னும் எத்தனை பேரா, யாருக்குத் தெரியும்? ஒரு கடிதம் எழுதிப் பார்க்கிறேன் என்றார். எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு முழு அளவு வாங்கிக் கொடுப்பதுதான் இப்போது அவசரம், இல்லாவிட்டால் மிச்ச நுரையீரலும் போய்விடும் என்றார். அதற்கு மருந்து ஒதுக்கீட்டுக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

குழு இரண்டு வாரத்தில் பதில் அனுப்பியது. அரை அளவு போதுமானது என்பது ஆய்வில் நிரூபணமாகியிருக்கிறது. மேற்படி நோயாளியே அந்த ஆய்வில் அரை அளவில் எந்தத் தொற்றும் இல்லாமல் இருந்திருக்கிறார். ஜனவரியில் வந்தது ஒன்று. ஒரு வருடத்துக்குள் ஆஸ்பத்திரியில் பதிவான தொற்றுகள் மூன்று இருந்தால் அளவைக் கூட்டுவது பரிசீலிக்கப்படும்.

சமிந்தெனுக்கு இதைப் படித்துக் காட்டியதும் பஜ்ஜிக் கரண்டியைக் கீழே வைத்தாள். அக்காவையும் என்னையும் இழுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரியில் குழுவுக்கான விண்ணப்பங்களை வாங்கும் ஐந்தாம் எண் ஜன்னலுக்குப் போனாள்.

"ஏங்க, நான் சாட்சி. பதினாலு தடவை நானே இவ முதுகச் சுரண்டியிருக்கேன்!"

ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "எதை வச்சும்மா?"

"காசை வச்சு. ஓட்டை போட்ட பழைய காசு. வேணும்னா கொண்டுவரேன்."

"தேதி போட்ட சீட்டு இருக்கா? டாக்டர் பார்த்தாரா?"

"காத்து புகுந்ததுக்கு எவன்யா டாக்டர் கிட்ட போவான்?"

"அப்போ அது தொற்று இல்லீங்களே."

"முதுகக் காட்டுடி வர்சித்தி," என்று சமிந்தென் அவள் சட்டையைப் பின்னாலிருந்து தூக்கப் போனாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "விடு யூ, விடு, எல்லாம் மறைஞ்சிருச்சு," என்றாள். ஜன்னல்காரரைப் பார்த்து, "சிரமத்துக்கு மன்னிச்சுக்குங்க," என்று தலைகுனிந்து கும்பிட்டாள்.

அதிலிருந்து அவள் நோய்க்குக் காத்திருக்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் பதிவான தொற்று இன்னும் இரண்டு வேண்டும். அடுத்த ஜனவரிக்குள். ஏப்ரலில் காய்ச்சல் வந்தது. காலையிலேயே போய் வரிசையில் நின்றாள், ரத்தம் கொடுத்தாள், சளி கொடுத்தாள், முத்திரை குத்திய சீட்டோடு வந்து என்னிடம் நீட்டினாள்.

"ரெண்டு," என்றாள். ரொட்டிக்கடைக் குலுக்கலுக்குக் கூப்பன் சேர்க்கிறவளைப் போல.

அப்புறம் கோடை. ஆற்றில் தண்ணீர் வற்றிப் பிளாஸ்டிக் தெரிந்தது. காற்று உலர்ந்து துணிகள் இரண்டு மணி நேரத்தில் காய்ந்தன. இருமல் இருந்தது, ஆனால் காய்ச்சல் இல்லை, சளியின் நிறம் மாறவில்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட். வாழ்க்கையில் அவளுக்கு அத்தனை நல்ல கோடை வந்ததில்லை. தினமும் காலையில் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொள்வாள்.

"இன்னிக்கும் ஒண்ணும் இல்ல, மாஸ்."

"நல்லதுதானேக்கா."

"உனக்கு நல்லது. ஜனவரி தாண்டிருச்சுன்னா மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணணும்."

செப்டம்பரில் அவள் ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். சண்டைக்கு வருவதுபோல, "புழுக்கமா இருக்கு," என்றாள். காற்று வறண்டு, உதடு வெடிக்கிற நாள் அது. நான் என் அறைக்குப் போய்விட்டேன்.

போந்தானுக்கு அந்த வருடம் இரண்டு முறை நிமோனியா. அரை அளவில் ஐந்து மாதம்தான் தாங்கினான். பஸ் முதலாளி வேறு ஓட்டுநரைப் போட்டுவிட்டார். ஒரு நாள் மருந்து ஏறும்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னான்: "யூ, நான் எழுதின பூஜ்யம் எல்லாம் நிஜம். உங்க பூஜ்யம் வந்து என் பாட்டில்ல பாதியக் குடிச்சிருச்சு." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அடுத்த மாதம் முதல் அவன் வேறு நாளுக்கு மாற்றிக்கொண்டான்.

மூன்றாவது, டிசம்பர் நடுவில், மழையோடு வந்தது. நான் ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தேன். அவள் தனியாகவே ரிக்‌ஷா பிடித்து வந்திருந்தாள். நனைந்திருந்தாள், உதடு நீலமாக இருந்தது. சேர்க்கைப் பிரிவில் நிங்ரும் சிஸ்டர்தான் அன்று பணியில்.

"யூ! எப்படி இருக்கீங்க?" பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். அல்ஹம்துலில்லா, நல்லா இருக்கேன். கை உடைந்து தொங்கினாலும் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் கையைக் காட்ட வேண்டும்.

"மோசம்," என்றாள் அக்கா. குரல் அந்தக் கூடத்துக்கே கேட்டது. "மூணு நாளாக் காய்ச்சல். சளி பச்சை. நேத்துலேர்ந்து ரத்தம். மூச்சு விட்டா இடது பக்கம் கத்தி குத்தற மாதிரி இருக்கு. எழுது. ஒண்ணு விடாம எழுது. அன்னிக்கு நீ மூஞ்சி வரைஞ்ச பாரு, அந்த வாரம் எல்லாம்கூட இப்படித்தான் இருந்தேன்."

சிஸ்டர் எழுதினாள். நடுவில் ஒரு முறை நிறுத்தி, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, யூ," என்றாள்.

"உன்கிட்டதான் சொல்ல முடியல."

குழு ஒப்புக்கொண்டது. பிப்ரவரியிலிருந்து முழு அளவு. மருந்து தன் வேலையைச் செய்தது. அதற்குப் பிறகு இன்றுவரை நிமோனியா வரவில்லை, காதில் சீழ் இல்லை. ஆனால் தேன்கூடு ஆன பகுதி திரும்பவில்லை. அது திரும்பாது. வெட்டி எடுக்கலாம் என்றார்கள், பிறகு மற்ற பக்கமும் அவ்வளவு நன்றாக இல்லை, வேண்டாம் என்றார்கள். காலையில் எழுந்ததும் கட்டில் விளிம்பில் தலைகீழாகத் தொங்கி, முதுகைத் தட்டி, அரை டம்ளர் சளியை வெளியே எடுத்த பிறகுதான் அவளால் நிற்க முடியும். இஸ்திரி போட ஆள் வைத்திருக்கிறாள். துணியை எடை போடுவதற்குள் மூச்சு வாங்குகிறது.

அன்று ஆஸ்பத்திரியில் திறந்த வாயை அவள் மூடவில்லை. சந்தில் போகிறவர்கள், "யூ, எப்படி இருக்கீங்க?" என்று நடந்துகொண்டே கேட்பார்கள். கேட்டுவிட்டு நிற்காமல் போவதற்கான கேள்வி அது. இவள் நிறுத்திவைத்துச் சொன்னாள். எவ்வளவு சளி, என்ன நிறம், ராத்திரி எத்தனை முறை உட்கார்ந்தாள், நுரையீரலில் எவ்வளவு மிச்சம். காய்கறிக் கூடையோடு நின்றவர்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பள்ளிவாசல் பெரியவருக்கும் அதே பதில்தான். ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் அம்மாவிடமும் அப்படியே சொன்னாளாம்.

வர்சித்தி முரட்டுத்தனமாகிவிட்டாள் என்று பேச ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு அதைவிடக் கெட்ட பெயர் அதிகம் இல்லை.

சமிந்தென்கூட ஒரு நாள் வாசலில் நின்று சத்தம் போட்டாள். "ஏண்டி, நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா உனக்கு என்ன கொறஞ்சு போச்சு? கேக்கறவங்க வயித்தெரிச்சல எதுக்கு வாங்கற?"

"எது கொறஞ்சதுன்னு படம் இருக்கு. காட்டவா?" என்றாள் அக்கா.

சமிந்தென் எதிர்வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பஜ்ஜி வாசனை மட்டும் இன்னும் இந்தப் பக்கம் வருகிறது.

இப்போது அவளை யாரும் கேட்பதில்லை. துணியைத் தராசில் வைத்து, சீட்டை வாங்கிக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவள் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறாள். கேட்டால் சொல்லத் தயாராக இருக்கிறாள்.

பின்னறையிலிருந்து தெருவுக்குக் கடை வழியாகத்தான் வர வேண்டும். போன மாதம் ஆற்றோரப் பக்கம் இருந்த தட்டியைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன வழி செய்துகொண்டேன். கொஞ்சம் சேறுதான். காலையில் நான் வேலைக்கு அந்த வழியாகத்தான் போகிறேன்.